சோதனைக்கு மறுத்தவர்கள்

கொர்ச்சா ஊரைத் தாண்டி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஆசென் மறுபடியும் வண்டியை ஓரம் கட்டினான். அல்பேனியாவில் தடுக்கி விழுந்தால் ஒரு காபிக் கடை, எழுந்து நின்றால் ஒரு கார் கழுவும் கொட்டகை. நிறுத்த இடத்துக்குப் பஞ்சமே இல்லை. காலை நீட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி இறங்கினான். காலை நீட்டப் போகிறவன் நேராகக் கடையின் பின்பக்கம் போனான். கையில் செல்போன்.

தெனித்சா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பார்க்க வேண்டும் என்று நினைத்துப் பார்க்கவில்லை, அது தொழில் பழக்கம். அவளும் ஆசெனும் செஸ் நடுவர்கள். பல்கேரியாவில் ப்லோவ்திவ் நகரத்தில் வீடு இருக்கிறது. ஆனால் வருஷத்தில் பாதி ஏதாவது ஓர் ஊரின் ஓட்டல் கூடத்தில், சத்தம் வராத செருப்பைப் போட்டுக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடப்பதில்தான் கழியும். உலக சாம்பியனையே தோற்கடிக்கிற செயலி சட்டைப் பைக்குள் அடங்குகிற காலம் வந்த பிறகு, நடுவருக்குப் பலகையைப் பார்க்கிற வேலை குறைந்துவிட்டது. கழிவறைக் கதவைப் பார்க்கிற வேலை கூடிவிட்டது. யார் போகிறார், தன் முறை வந்ததும் போகிறாரா, திரும்பி வந்த கையோடு யோசிக்காமல் காயை நகர்த்துகிறாரா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அந்த வித்தையில் தெனித்சாவை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. அவளும் அதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வாள்.

எல்லைக்கு அப்பால் ஓஹ்ரித் ஏரிக்கரையில் ஒரு போட்டி ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. அல்பேனியக் கடலோரத்து துர்ரஸ் நகரத்தில் அடுத்தது வெள்ளிக்கிழமை. நடுவில் கிடைத்த நாட்களை வீட்டுக்கு ஓடி வருவதில் வீணாக்காமல் அல்பேனியாவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவள் அவள்தான். தேனிலவையே பத்து வயசுப் பிள்ளைகளின் போட்டியில் அழுகிற குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துக் கழித்த தம்பதி அவர்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்தாவது நாலு நாள் வண்டியில் ஊர் சுற்றினால் என்ன என்று கேட்டாள். ஆசென் சரி என்றான். ஆனால் பல்லைப் பிடுங்கச் சொன்னதற்குத் தலையாட்டுகிறவன் மாதிரி சொன்னான். அங்கேயே அவளுக்கு முதல் சந்தேகம் தட்டியது.

சந்தேகத்தின் வேர் ஓஹ்ரித்தில் இருந்தது. பித்தோலா ஊர்க்காரர் மெத்தோதி, எழுபது வயது, பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னில் பாதி வயசுக்காரர்களை எல்லாம் வரிசையாகத் தோற்கடித்து முதலிடத்தில் இருந்தார். ஆட்டத்துக்கு நடுவே அடிக்கடி எழுந்து போனார். கடைசிக்கு முந்தின சுற்றில் தெனித்சா தாழ்வாரத்திலேயே அவரை மறித்தாள். கூட ஓர் உதவியாளர், கையில் மெட்டல் டிடெக்டர். ஆட்டம் முடித்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மேல்கோட்டைத் தூக்குங்கள் என்றாள். அவர் முடியாது என்றார். மறுத்தால் ஆட்டம் போய்விடும், தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றார். திரும்பிப் போய், எதிராளிக்குக் கைகொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். குற்றமில்லாதவன் எதற்கு மறுக்கப் போகிறான்? தெனித்சாவின் அகராதியில் மறுப்புக்கு ஒரே அர்த்தம்தான்.

அன்று தலைமை நடுவர் ஆசென். அடுத்த கூடத்திலிருந்து ஓடி வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கிழவரின் பின்னாலேயே கார் நிறுத்துமிடம் வரை போனான். வெகுநேரம் கழித்து முகம் வெளுத்துத் திரும்பினான். செஸ் கூட்டமைப்புக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கச் சொன்னான். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றினான். நிறைவு விருந்தில் தெனித்சா அந்தக் கிழவர் கால்களை அகட்டி அகட்டிக் கழிவறைக்கு நடந்ததை நடித்துக் காட்டினாள். மேசையே குலுங்கிச் சிரித்தது. ஆசெனும் சிரித்தான், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு.

இப்போது அவன் கடையிலிருந்து திரும்பி வந்து வண்டியில் ஏறினான். இந்த வெயிலில் மேல்கோட்டை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தான். முன்கண்ணாடிக்குக் கீழே வைத்த செல்போன் மினுங்கியது. மெத்தோதி என்ற பெயர் பளிச்சென்று வந்தது. ஆசென் பாய்ந்து அதைக் கவிழ்த்து வைத்தான்.

"யாரு?" என்றாள்.

"நம்ம வண்டி மெக்கானிக். சும்மா கூப்பிட்டிருப்பான்."

தெனித்சா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காதில் பூச் சுற்றுகிறான். இருபத்திரண்டு வருஷத்தில் இவன் பொய்யே சொன்னதில்லை என்று அவள் சொல்ல மாட்டாள். அவள் அம்மாவின் சமையலைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் பொய்தான். ஆனால் அவள் முகத்துக்கு நேராக, வேலை விஷயத்தில், இதுதான் முதல் தடவை. கிழவர் இவனை விலைக்கு வாங்கிவிட்டார் என்ற எண்ணம் அந்த மலைப்பாதையின் ஏதோ ஒரு வளைவில் அவளுக்குள் வந்து உட்கார்ந்தது. கணவனும் மனைவியும் ஒரே போட்டியில் நடுவர்களாக இருப்பதற்கே ஊர் ஆயிரம் பேசுகிறது. ஒருவன் விலை போனான் என்று தெரிந்தால் இரண்டு பேர் பிழைப்பும் போச்சு. பிழைப்பு போனால் போகிறது, இந்த மனுஷனை அப்புறம் எந்த முகத்தோடு பார்ப்பது?

அதற்குப் பிறகு அவள் மலையையும் பார்க்கவில்லை, பள்ளத்தாக்கையும் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். கொர்ச்சாவில் பீருக்குப் பேர்போன கடையில் உட்கார்ந்து அவன் பீர் வேண்டாம் என்றது நினைவுக்கு வந்தது. எர்செகா ஊரில் மதிய உணவின்போது காபியையும் தள்ளி வைத்தான். ஒரு நாளைக்கு நாலு காபி குடிக்கிறவன். தண்ணீரைக்கூட நாக்கு நனைகிற அளவுக்குத்தான் குடித்தான். படபடப்பு இருப்பவனுக்குத் தொண்டையில் ஒன்றும் இறங்காது என்று அவளுக்குத் தெரியும். மாட்டிக்கொள்ளப் போகிற ஆட்டக்காரர்களும் இப்படித்தான் முன்னால் வைத்த தண்ணீரைத் தொட மாட்டார்கள். அவள் கேள்வி கேட்டால் இரண்டு சொல்லில் பதில் சொன்னான். கடை தென்பட்டால் நிறுத்தினான். கடை இல்லாத இடத்தில் வால்நட் மரம் தென்பட்டாலும் நிறுத்தினான். ஒவ்வொரு தடவையும் போன் கூடவே போயிற்று.

பெர்மெத் ஊருக்குப் பக்கத்தில் ஆற்றோரம் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. தெனித்சா நீச்சலுடையில் இறங்கினாள். தண்ணீர் என்றால் உயிரை விடும் ஆசென் இறங்க மாட்டேன் என்றான். மேலே வளைந்து நிற்கிற பழைய கல் பாலத்தில் போய் உட்கார்ந்து போன் பேசினான். அவள் கழுத்தளவு வெந்நீரில் நின்றபடி மேலே பார்த்தாள். அவன் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தான். தலையை மட்டும் ஆட்டினான். ஒருவன் உத்தரவு வாங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. பேசி முடித்து போனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். வெந்நீரில் நின்றும் அவளுக்குக் குளிர் எடுத்தது.

மறுநாள் காலை விடுதிக்காரி பச்சை வால்நட்டைப் பாகில் ஊறவைத்துச் சின்னத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். ஆசென் குளியலறையில் இருந்தான். அவசரத்தில் போனை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். அது மினுங்கியது. மெத்தோதியிடமிருந்து ஒரே வரி. ஒத்துக்கொண்டபடி நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை, இது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

இனி என்ன பாக்கி? தெனித்சா மடிக்கணினியைத் திறந்தாள். அறிக்கை ஏற்கனவே தயாராக இருந்தது. அதன் அடியில் இன்னொரு பத்தி சேர்த்தாள். தலைமை நடுவர் அந்த ஆட்டக்காரரோடு ரகசியத் தொடர்பில் இருக்கிறார், அறிக்கையை நிறுத்தச் சொன்னார், அவரையும் விசாரிக்க வேண்டும். கணவர் என்று எழுதவில்லை, பதவியையும் பெயரையும் எழுதினாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே அனுப்பினாள். நேர்மையாக இருந்தவர்களுக்கு மனசு லேசாகும் என்று யார் சொன்னார்களோ, அவள் அந்தப் பாகு வால்நட்டைத் தொடவேயில்லை.

கிரோகாஸ்தர் நகரத்தில் எல்லாமே கல். கூரை கல், தெரு கல், ஏறுகிற ஏற்றம் நெஞ்சை அடைக்கும். கோட்டைக்குப் போகிற வழியில் ஆசென் பின்தங்கிக்கொண்டே வந்தான். பாதியிலேயே போதும் என்று சொல்லிக் கடைத்தெருவுக்குத் திரும்பினார்கள். சரிவில் மேசை போட்டிருந்த ஒரு கடையில் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் வெளிநாட்டுக் கூட்டம். உட்கார்ந்த சூட்டோடு ஆசென் எழுந்தான்.

"உட்காரு" என்றாள் தெனித்சா.

"இப்போ வந்துடறேன்."

"போனை எடுத்து மேசை மேல வை. அப்புறம் போ."

அவன் அவளைப் பார்த்தான். அந்தக் குரலை அவன் பல தாழ்வாரங்களில் கேட்டிருக்கிறான். தன்னை நோக்கி வரும் என்று நினைத்திருக்க மாட்டான்.

"இங்க வேண்டாம் தெனி. வண்டிக்குப் போய்ப் பேசலாம்."

"மெத்தோதிதான உன் மெக்கானிக்? எல்லாம் எனக்குத் தெரியும். போனை வை."

"கொஞ்சம் வழி விடு. அப்புறம் சொல்றேன்."

"மறுக்கறியா?"

உடம்பை ஒரு மாதிரி இறுக்கிக்கொண்டு நின்றான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மொழி புரியாவிட்டாலும் சண்டை எல்லோருக்கும் புரியும். அவன் அவளைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தான். தெனித்சா எழுந்து குறுக்கே நின்றாள், கழிவறை வாசலில் நிற்கிற அதே நிலையில். ஓடப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தாள். எட்டி அவன் இடுப்பில் கட்டியிருந்த மேல்கோட்டைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்து கோட்டு அவள் கையோடு வந்துவிட்டது.

வெளிர் நிறக் கால்சட்டை. முன்பக்கம் பழைய ஈரம் காய்ந்த கறை, அதன் மேலேயே புது ஈரம் தொடை வரைக்கும் பரவிக்கொண்டிருந்தது. அவன் அதை மறைக்கக்கூட இல்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் தட்டுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். கடைக்காரர் உள்ளே திரும்பிக்கொண்டார். தெனித்சா கோட்டை மறுபடி அவன் இடுப்பில் கட்டினாள். முடிச்சு விழவில்லை. இரண்டு தடவை நழுவியது. கடைசியில் அவனே கட்டிக்கொண்டான்.

வண்டியில் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு அவனாகவே சொன்னான். குளிர்காலத்திலிருந்தே இப்படி இருக்கிறது. அடக்க முடிவதில்லை, போனாலும் முழுசாக வருவதில்லை. ஓஹ்ரித்தில் சிறுநீரோடு ரத்தமும் வந்தது. அன்றுதான் கிழவரின் பின்னால் ஓடினான், நடுவராக மன்னிப்புக் கேட்பதற்கு. கிழவர் கார்க் கதவின் மறைவில் நின்று கோட்டைத் தூக்கிக் காட்டினார். தொடையில் பட்டை போட்டுக் கட்டிய சிறுநீர்ப் பை, அதற்குள் இறங்குகிற குழாய். அதைக் காலி செய்யத்தான் அடிக்கடி எழுந்து போனார். அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, செஸ் ஆசை விடவில்லை, வந்துவிட்டார்.

"அதைத்தான் நீ அத்தனை பேர் முன்னாடி தூக்கிக் காட்டச் சொன்னே" என்றான் ஆசென். குரலில் கோபம்கூட இல்லை. "யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார். நானும் என் கதையை அவர்கிட்ட சொல்லிட்டேன். அவருக்குத் தெரிஞ்ச டாக்டர் பித்தோலாவுல இருக்கார். ஓஹ்ரித்துலயே சோதனைக்கு ரத்தம் கொடுத்துட்டு வந்தேன். நேத்து அந்தப் பாலத்துல உக்காந்திருந்தப்போதான் முடிவு வந்துச்சு. நல்லா இல்லை தெனி. சதை எடுத்துப் பார்க்கணுமாம்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"விருந்துல நீ அவர் நடையை நடிச்சுக் காட்டினியே. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்." அவன் ஸ்டியரிங்கைத் தடவினான். "அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

தெனித்சாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எல்லாம் அவள் கண் முன்னால்தான் நடந்தது. தள்ளி வைத்த காபியைப் பார்த்தாள், வேண்டாம் என்ற பீரைப் பார்த்தாள், வெயிலில் கட்டிய கோட்டைப் பார்த்தாள், கடிகாரத்தையும் பார்த்தாள். ஒரு மளிகைக் கடைக்காரனின் மனைவியாக இருந்திருந்தால் கொர்ச்சாவைத் தாண்டும் முன்பே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பாள். இவள் நடுவர். அடிக்கடி எழுந்து போகிற மனுஷன் என்றால் இவளுக்குத் திருடன் என்று மட்டும்தான் தோன்றும்.

"அறிக்கையை அனுப்பிட்டேன்" என்றாள். "காலைல. உன் பேரையும் எழுதி."

ஆசென் முன்கண்ணாடி வழியே கல் கூரைகளைப் பார்த்தபடி இருந்தான்.

"எத்தனை பக்கம்?"

"உன்னைப் பத்தி ஒரே பத்திதான்."

"இருபத்திரண்டு வருஷத்துக்கு ஒரே பத்தியா?" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவள் அவன் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நியாயமாகப் பார்த்தால் அழ வேண்டியவன் அவன், ஆனாலும் அவன்தான் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தான். அதனால் அவளுக்கு இன்னும் அதிகமாக அழுகை வந்தது.

அழுது முடித்ததும் அவள் அவனுடைய போனை எடுத்து மெத்தோதியைக் கூப்பிட்டாள். ஆசென் என்று நினைத்துப் பேசத் தொடங்கியவர், அவள் குரலைக் கேட்டதும் கொஞ்சம் நின்றார்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றாள்.

"ஆமா நடுவரம்மா, பண்ணினீங்க" என்றார் மெத்தோதி. "அந்த ஆட்டத்தை நான் ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன்."

கூட்டமைப்புக்கு உண்மையை எழுதட்டுமா என்று மட்டும் கேட்டாள். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். அவள் சரி என்றாள். பிறகு அவர் குரல் இறங்கியது.

"அவர் தண்ணி குடிக்காம இருக்கார் இல்லையா? நானும் அப்படித்தான் இருந்தேன். அது ரொம்பத் தப்பு. குடிக்கச் சொல்லுங்க. டாக்டர் நாளைக்கே பார்க்கறேன்னு சொல்லியிருக்கார்."

வண்டியில் உட்கார்ந்தபடியே அவள் இரண்டாவது கடிதத்தை எழுதினாள். காலையில் அனுப்பியதைத் திரும்பப் பெறுகிறேன், இரண்டு பேர் மீதும் எந்தக் குற்றமும் இல்லை, தாழ்வாரத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஒருவரைச் சோதனை போட்டது என் தவறு, தனி அறையில் கேட்டிருக்க வேண்டும் என்று எழுதினாள். காரணம் எழுத முடியாது. காரணமில்லாமல் இப்படி எழுதுகிற நடுவரை, அதுவும் கணவனைப் பற்றிக் காலையில் ஒன்றும் மதியம் ஒன்றும் சொல்கிறவளை, யாரும் இனி எந்தக் கூடத்துக்குள்ளும் விட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். எழுதியதைப் படித்துக் காட்டினாள்.

"துர்ரஸ் போச்சு" என்றான் ஆசென்.

"போகட்டும். நகரு, நான் ஓட்டறேன். பித்தோலாவுக்குப் போறோம்."

வந்த வழியே திரும்பினார்கள். பெர்மெத்தில் பெரிய பாட்டில் தண்ணீர் வாங்கி அவன் மடியில் வைத்தாள். அவன் தயங்கித் தயங்கிக் குடித்தான். குடித்ததன் பலன் மலைப்பாதையில் தெரிந்தது. கடை இல்லை, கார் கழுவும் கொட்டகை இல்லை, ஒரு வால்நட் மரம்கூட இல்லாத இடம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கால்களை இறுக்கிக்கொண்டதைப் பார்த்து அவளே நிறுத்தினாள்.

அவன் பாறையோரம் போனான். தெனித்சா அவன் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், அவனுக்கு முதுகைக் காட்டிச் சாலையைப் பார்த்து நின்றாள். இரண்டு கையாலும் கோட்டை விரித்துப் பிடித்தாள். சுற்றுலாப் பேருந்து ஒன்று வளைவில் திரும்பி மெதுவாக வந்தது. ஜன்னல் முழுக்க முகங்கள். அவள் ஒவ்வொரு முகத்தையும் முறைத்தாள். அந்த முறைப்புக்கு எத்தனையோ பெரிய ஆட்டக்காரர்கள் தலை குனிந்திருக்கிறார்கள். பேருந்தும் முகங்களைத் திருப்பிக்கொண்டு போயிற்று. காற்றில் கோட்டு படபடத்தது. கை வலித்தது.

"ரொம்ப நேரம் ஆகுது இல்ல?" என்றான் பின்னாலிருந்து. "மணி பார்த்தியா?"

"பார்க்கலை" என்றாள். "நீ மெதுவா வா."